ஆட்டத்துக்கு வெளியே ஒரு துணை

2020 ஏப்ரலில் 'மேஜிக்: த கேதரிங்' என்னும் சீட்டு விளையாட்டில் பத்துத் துணைகள் புதிதாக வந்து சேர்ந்தன. ஆங்கிலத்தில் அவற்றுக்குக் 'கம்பேனியன்' என்று பெயர். ஏழு வாரங்கள் முடிவதற்குள் அவை இயங்கும் விதியையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று, அந்த விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்கு. அந்த ஏழு வாரங்களும் நானும் என் மகளும் தினமும் ஆடிக்கொண்டிருந்தோம். விளையாட்டு உலகத்தைப் பொறுத்தவரை அது ஒரு சமநிலைக் கோளாறு. வடிவமைப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள், முடிந்தது. எனக்கு அது அத்தோடு முடியவில்லை. வீடு என்பது எப்படி நடக்கிறது, நான் எப்படி முனைவர் பட்டம் வாங்கினேன் என்பதையெல்லாம் அந்தப் பத்துச் சீட்டுகளை வைத்து யோசிக்க வேண்டியிருந்தது.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் உருவாக்கியது இது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். நமக்குத் தெரிந்த ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டைப் போல எல்லோருக்கும் பொதுவான கட்டு இதில் கிடையாது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளிலிருந்து அவரவர் தேர்ந்தெடுத்து, குறைந்தது அறுபது சீட்டுகள் கொண்ட கட்டைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இருபது உயிர்ப்புள்ளி. கட்டைக் கலைத்துக் கையில் ஏழு சீட்டு எடுப்பார்கள். பிறகு முறைக்கு ஒன்றாக உருவுவார்கள். நிலச்சீட்டுகளைக் கீழே வைத்தால் அவற்றிலிருந்து 'மானா' என்கிற சக்தி கிடைக்கும். மற்ற எந்தச் சீட்டை இறக்குவதென்றாலும் அதற்கு இத்தனை மானா என்று செலவு உண்டு. நல்ல சீட்டு அடியில் மாட்டிக்கொண்டு கடைசிவரை வராமலே போகலாம். நிலம் வராமல் கை நிறையச் சீட்டை வைத்துக்கொண்டு தோற்கலாம். இந்த நிச்சயமின்மைதான் ஆட்டத்தின் உயிர்.

என் அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது தான் ஆடி முடித்த சீட்டுகளை ஒரு ஷூ டப்பா நிறையப் போட்டு என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் அவள் மடிக்கணினியிலும் 'அரீனா' என்ற இணைய வடிவத்தை இறக்கிக்கொண்டாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. மார்ச் 27இல் தொடங்க வேண்டிய பொதுத்தேர்வு ஊரடங்கால் தள்ளிப்போயிருந்தது. தேர்வு எப்போது என்று தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு நேரம்தான் 'படி படி' என்று சொல்ல முடியும்? 'எனக்கும் கத்துக்கொடு' என்று உட்கார்ந்தேன்.

நம் வீடுகளில் சீட்டாட்டம் என்பது ஆண்களின் சொத்து. கல்யாணத்துக்கு முந்தின இரவில் பந்தலில் ஜமுக்காளம் விரித்து அவர்கள் ரம்மி ஆடுவார்கள். பின்கட்டில் நாங்கள் காய் நறுக்கிக்கொண்டும் பூக்கட்டிக்கொண்டும் இருப்போம். காபி மட்டும் உள்ளிருந்து பந்தலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எங்களுக்கென்று பல்லாங்குழியும் தாயமும் உண்டு. ஆனால் அவற்றை ஆடும்போதும் அடுப்பின்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். 'சீட்டு' என்று பெண்கள் வாயில் வந்தால் அது ஏலச்சீட்டாகத்தான் இருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் பட்டப்பகலில், கூடத்தில், கால் நீட்டி உட்கார்ந்து சீட்டாடுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது ருசி, விதிகள். இந்த விளையாட்டின் முழு விதித்தொகுப்பு இருநூறு பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு அது அந்நியமாக இல்லை. பொதுவிதி ஒன்று இருக்கும்; ஒரு சீட்டு அதற்கு மாறாக எதையாவது சொன்னால் சீட்டு சொல்வதே செல்லும். நம் உரையாசிரியர்கள் 'எய்தியது விலக்கல்' என்று குறிப்பெழுதும் இடங்கள்தாம் இவை. ஒவ்வொரு சீட்டும் அறுபது பக்கத்துக்கு முன்னால் சொன்ன ஏதோவொரு பொதுவிதியை விலக்குகிற சிறப்புவிதி. பழைய விதிகள் காலாவதியாவதும் உண்டு. செலவழிக்காமல் மிஞ்சிய மானா ஆடுபவரையே சுடும் என்றொரு விதி முன்பு இருந்தது. 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். காலம் மாறினால் விதி மாறுவதை வழுவென்று கொள்ளாத நன்னூலாரை நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தொகுப்பின் ஆரம்பத்திலேயே இன்னொரு விதி உண்டு. ஒரு சீட்டு 'இதைச் செய்யலாம்' என்கிறது, இன்னொன்று 'இதைச் செய்ய முடியாது' என்கிறது. இரண்டும் மோதினால் 'முடியாது' என்பதே வெல்லும். இதை முதலில் படித்தபோது, பெண்களுக்கு இது புதிய செய்தியா என்று சிரிப்பு வந்தது. நமக்குச் சொல்லப்பட்ட எல்லா 'முடியாது'களும் இப்படித்தானே வென்றன. பிறகு இதே விதியை வேறு பக்கத்திலிருந்து பார்க்கவும் நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது துணைக்கு வருகிறேன். 'இகோரியா' என்ற தொகுதியில் வந்த அந்தப் பத்துச் சீட்டுகளின் இயக்கம் இப்படி. துணைச்சீட்டு உங்கள் அறுபது சீட்டுக்குள் இருக்காது. கட்டோடு சேர்த்துக் கலைக்கப்படாது. ஆட்டத்துக்கு வெளியே, எல்லோரும் பார்க்கும்படி, தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் செலவுக்கான மானா உங்களிடம் சேர்ந்ததும் ஓர் ஆட்டத்தில் ஒருமுறை அங்கிருந்தே நேராக அதை இறக்கிக்கொள்ளலாம். ஆனால், அது உங்களோடு வருவதற்கு நிபந்தனை வைக்கும். லூரஸ் என்ற பூனைக்கு, உங்கள் கட்டில் களத்தில் தங்கக்கூடிய சீட்டு எதுவும் இரண்டு மானாவுக்கு மேல் செலவு பிடிக்கக் கூடாது. கைரூடாவுக்கு எல்லாச் செலவும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும், ஓபாஷுக்கு ஒற்றைப்படையில். யோரியன் என்ற பறவைக்கு, கட்டில் வழக்கத்தைவிட இருபது சீட்டு கூடுதலாக இருக்க வேண்டும்.

மகள் லூரஸைத் தேர்ந்தெடுத்தாள். அன்று மாலை முழுக்க அவள் தன் கட்டைக் களைந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எவ்வளவோ நாள் காத்திருந்து சேர்த்த டிராகன் போயிற்று. தேவதை போயிற்று. பெரியது எல்லாம் போயிற்று.

"ரெண்டுக்கு மேல ஆசைப்படாதவங்களுக்குத்தான் இவங்க துணையா வருவாங்களாம்மா," என்றாள். பிறகு தானே சிரித்தாள். "மேட்ரிமோனியல் மாதிரி இருக்குல்ல?"

எனக்கு ஒரு மாணவியின் ஞாபகம் வந்தது. முதுகலையில் முதலிடம் பெற்றவள். பெண் பார்க்க வந்தவர்கள் அவளிடம் எதையுமே மறுக்கவில்லை. வேலைக்குப் போகலாம், ஆனால் உள்ளூரில். மேலே படிக்கலாம், ஆனால் குழந்தை பிறந்த பிறகு. கவிதை எழுதலாம், ஆனால் வேறு பெயரில். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டால் சின்ன நிபந்தனைதான். அவள் தன் கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து வைத்துக்கொண்டே போனாள். ஆக, துணை என்கிற புதிய இயக்கத்தை நாங்கள் முதலில் படித்தது இப்படித்தான்: துணை வேண்டுமென்றால் நீ சுருங்கு.

ஆனால் ஆடத் தொடங்கியதும் அந்த வாசிப்பு நிற்கவில்லை. ஏனென்றால் லூரஸ் கட்டு வென்றுகொண்டே இருந்தது. நிபந்தனைக்காக இழந்தது கொஞ்சம். கிடைத்ததோ எப்போதும் தயாராக இருக்கிற எட்டாவது சீட்டு. எதிராளிக்குக் கையில் ஏழுதான். அவர் தன் நல்ல சீட்டு வருமா வராதா என்று உருவிக்கொண்டிருக்கும்போது, நமக்கு வந்தே தீரும் என்று தெரிந்த ஒன்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. எதிராளியால் அதைக் கையிலிருந்து உதிர்க்க வைக்க முடியாது, ஏனென்றால் அது கையில் இல்லை. உலகெங்கும் ஆடுபவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் துணைக்கட்டுகள். ஒவ்வோர் ஆட்டமும் முந்தின ஆட்டத்தைப் போலவே இருந்தது. துணை இல்லாமல் ஆடுபவர் தொடங்கும்போதே பின்தங்கியிருந்தார்.

மே 18இல் பழைய சீட்டுகளையும் அனுமதிக்கும் 'வின்டேஜ்' என்ற வடிவத்தில் லூரஸுக்குத் தடை வந்தது. அந்த வடிவத்தின் வழக்கமே வேறு. அங்கே அளவுக்கு மீறி வலுவான சீட்டைத் தடை செய்ய மாட்டார்கள். 'கட்டுக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம்' என்று மட்டுப்படுத்துவார்கள். துணைக்கு அந்த மருந்து பலிக்கவில்லை. துணை ஒன்று இருந்தாலே போதுமே.

என் அம்மாவும் அந்த ஊரடங்கில் எங்களோடுதான் இருந்தாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அது ஏன்டி தனியா வெளில உக்காந்திருக்கு?"

எங்கள் வீட்டு வழக்கில் 'வெளியில் உட்கார்வது' என்றால் என்னவென்று எங்கள் மூவருக்கும் தெரியும். அம்மாவின் காலத்தில் மாதம் மூன்று நாள் கொல்லைப்புறத் தாழ்வாரம். மகள் சிரித்துவிட்டாள். "இல்ல பாட்டி, அது ஆட்டத்துலயே இல்ல. ஆனா எப்பக் கூப்பிட்டாலும் வரும்."

"காசு கேக்காதா?"

"வெளில இருக்கறதுக்குக் காசு கிடையாது பாட்டி. எறக்கறப்பதான்."

அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்பறம் அவங்கதான் ஜெயிப்பாங்க," என்று சொல்லிவிட்டுக் கீரையை அலச எழுந்து போனாள்.

அதன் பிறகு எனக்கு அந்தச் சீட்டின்மேல் கண் போகும்போதெல்லாம் அதன் எதிர்ப்பக்கம் தெரியத் தொடங்கியது. துணைக்காகச் சுருங்குகிற ஆட்டக்காரராக மட்டும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டாவது சீட்டும் அவள்தானே?

'துணை' என்ற சொல்லே இரண்டு முகம் கொண்டது. கூட நிற்பவர் என்று ஒரு பொருள். முதன்மையானதற்கு அடுத்தபடி என்று இன்னொரு பொருள். துணைவேந்தர், துணைவினை, துணைநூல். திருக்குறளின் ஆறாம் அதிகாரம் 'வாழ்க்கைத் துணைநலம்'. அந்தத் துணை மனைவிதான் என்பதில் எந்த உரையாசிரியருக்கும் ஐயமில்லை. கணவனைத் துணையாக வைத்து இன்னோர் அதிகாரம் அங்கே கிடையாது.

என் முனைவர் பட்ட ஆய்வு சங்க அகப்பாடல்களில் தோழி பற்றியது. தலைவியைவிட மிகுதியாக வேலை செய்பவள் தோழி. தூது, காவல், சமாதானம், எச்சரிக்கை, பொய், உண்மை எல்லாம் அவள் பொறுப்பு. அவள் செவிலித்தாயின் மகள் என்கிறது தொல்காப்பியம். அதாவது தாய், தலைவியை வளர்க்கிறாள்; மகள், தலைவியின் காதலை வளர்க்கிறாள். துணையாக இருக்கும் வேலை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தலைமுறையாக வருகிறது. ஆனால் தோழிக்கென்று ஒரு காதல், ஒரு பிரிவு, ஒரு பெயர் அந்த மரபில் இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் தயாராக இருக்கிறாள். எந்தப் பாட்டும் அவளைப் பற்றியதில்லை. இதை நான் 300 பக்கத்துக்கு எழுதினேன்.

அதை எழுதிய ஐந்து ஆண்டுகளும் என் மகளுக்குச் சோறூட்டியதும், பள்ளியில் விட்டு அழைத்து வந்ததும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் அம்மா. கணவர் வங்கியில் கடன் பிரிவில் இருந்தார், இரவு எட்டுக்கு முன் வரமாட்டார். நான் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து வீடு திரும்ப ஏழாகும். கல்லூரியில் என்னோடு சேர்ந்து பதிவு செய்த இன்னொரு தோழிக்கு அம்மா இல்லை, மாமியார் படுத்த படுக்கை. அவள் இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டாள். எங்கள் இருவரின் திறமையில் பெரிய வித்தியாசம் எதுவும் இருந்ததில்லை. என்னிடம் எட்டாவது சீட்டு இருந்தது.

ஆய்வேடுகளின் நன்றியுரைகளைப் படித்துப் பாருங்கள். நூறு ஆய்வேடுகளை மதிப்பிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், ஆண்கள் எழுதியவற்றில் மனைவிக்கு நன்றி சொல்லும் வரி கடைசிக்கு முந்தின பத்தியில் இருக்கும். 'உறுதுணையாக இருந்த' என்றுதான் அது தொடங்கும். தட்டச்சருக்கு ஊதியம் கொடுத்திருப்பார்கள். பைண்டிங் செய்தவருக்குக் கொடுத்திருப்பார்கள். உறுதுணைக்கு ஒரு வரி.

இந்த உறுதுணையின் அளவு தெரியாததல்ல. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு; இந்த 97 நிமிடம் எல்லா ஆண்களின் சராசரி அல்ல, அன்றைக்கு ஏதாவது வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்.

ஜூன் 1ஆம் தேதி விதி மாற்றம் அறிவிக்கப்பட்டது. இனிமேல் துணை வெளியிலிருந்து நேராகக் களத்துக்கு வராது. முதலில் மூன்று மானா செலவழித்து அதைக் கையில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான், அதன் செலவையும் தனியாகக் கொடுத்து, இறக்க வேண்டும். ஒரு சீட்டு இயங்கும் முறையை, அது அச்சாகி மக்கள் கைக்குப் போன பிறகு, வலிமை கருதி இப்படி மாற்றுவது அரிது. சீட்டில் அச்சிட்டிருப்பது ஒன்று, இப்போது விதி சொல்வது வேறொன்று.

மகளுக்குக் கோபம். அவள் டிராகனைத் தியாகம் செய்து கட்டிய கட்டு. "இதுக்குத்தானே எல்லாத்தையும் எடுத்தேன்? நடுவுல விதிய மாத்தினா என்னம்மா அர்த்தம்?" என்று மடிக்கணினியை மூடி வைத்தாள். அடுத்த வாரம், ஜூன் 9இல், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அரசு ரத்து செய்தது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களையும் வருகைப்பதிவையும் வைத்து எல்லோருக்கும் தேர்ச்சி என்றார்கள். இரண்டு மாதமாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அன்று ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. நடுவில் விதி மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரே வாரத்தில் இரண்டு தடவை பார்த்துவிட்டாள். அவளுடைய கோபம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். விதியை எழுதுபவர்கள் எங்கோ இருக்கிறார்கள். விதிக்கேற்பத் தன் கட்டை வெட்டிக்கொண்டவள் இங்கே இருக்கிறாள்.

எனக்கோ அந்த மாற்றம் பிடித்திருந்தது. உலகின் மிகச் சிக்கலான விளையாட்டு ஒன்றை வடிவமைப்பவர்கள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள்: எப்போதும் தயாராக இருக்கும் துணை இலவசமாக இருந்தால் ஆட்டம் நேர்மையாக இருக்காது. மூன்று மானா என்பது சும்மா இல்லை. ஆட்டத்தின் நடுவில் ஏறக்குறைய ஒரு முறை முழுவதையும் அதற்கே கொடுக்க வேண்டியிருக்கும். துணை வேண்டுமென்றால் வேறு ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட வேண்டும். இதே கணக்கைத்தான் 1972இல் மரியரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலியோர் இத்தாலியின் பதுவா நகரில் கூடி, வீட்டுவேலைக்கு ஊதியம் என்ற கோரிக்கையாக எழுப்பினார்கள். நம் மாநிலத்தில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிருக்கான மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு 'உரிமைத்தொகை' என்று பெயர் வைத்தார்கள். உதவித்தொகை என்று வைக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஆயிரம் போதுமா என்பது அடுத்த கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான்.

இதையெல்லாம் நான் மகளிடம் உற்சாகமாகச் சொன்னபோது அவள் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

"அந்த மூணு மானா யாருக்கும்மா போகுது? லூரஸுக்கா?"

இல்லைதான். அந்த மானா யாருக்கும் போவதில்லை. ஆடுபவருக்குச் செலவு, துணைக்கு வரவு இல்லை. லூரஸ் எப்போது வர வேண்டும், வரவே வேண்டுமா என்பதை லூரஸ் தீர்மானிப்பதில்லை. விலை வைத்ததால் ஆட்டக்காரர்கள் இருவருக்கும் இடையில் சமநிலை வந்தது. துணையின் நிலை அப்படியேதான். இன்னொன்றையும் அவள் சில ஆண்டுகளில் சுட்டிக்காட்டினாள். விலை வைத்த பிறகும் ஆட்டக்காரர்கள் லூரஸை விடவில்லை, மூன்று மானாவைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2022 மார்ச்சில் 'மாடர்ன்', 'பயனியர்' என்ற வடிவங்களில் அதைத் தடை செய்யும்வரை. நிச்சயமான துணைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சீட்டு சீட்டுதான்; அதற்கு வாய் கிடையாது. இந்த இடத்தில் உவமை முறிகிறது, முறியட்டும். மனிதத்துணைக்கு வாய் உண்டு என்பதற்கு என் அம்மாவே சாட்சி.

நான் ஆய்வுக்குப் பதிவு செய்த வாரம், அம்மாவை எங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பா போன பிறகு தனியாக இருந்தாள். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே பேசினாள்.

"வரேன். ஆனா ஒண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எனக்கு எந்த வேலையும் சொல்லக்கூடாது. நான் கோயிலுக்குப் போவேன், இல்ல சும்மா உக்காந்திருப்பேன். மாசம் நாலு நாள் ஊருக்குப் போயிடுவேன். அந்த நாலு நாள் நீ லீவு போடுவியோ, உன் வீட்டுக்காரர் போடுவாரோ, அது உங்க பாடு. போன் பண்ணி அது எங்கருக்கு இது எங்கருக்குன்னு கேக்கக்கூடாது."

"குழந்தைக்கு உடம்பு முடியலன்னாம்மா?"

"நீங்க ரெண்டு பேர் இருக்கீங்கல்ல?"

அந்த ஐந்து ஆண்டுகளில் அம்மாவின் நாலு நாள் ஒருமாதம்கூடத் தவறியதில்லை. என் கணவர் தோசை வார்க்கக் கற்றுக்கொண்டது அந்த நாலு நாட்களில். வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் அவள் கிளம்பியபோது, 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று நான் கெஞ்சினேன். "முடியாதுடி," என்றாள். கோபமில்லாமல், பையில் புடவையை மடித்து வைத்துக்கொண்டே. முடியும் என்பதும் முடியாது என்பதும் மோதினால் எது வெல்லும் என்று அவளுக்கு எந்த விதித்தொகுப்பும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தன் விலையைத் தானே வைத்தாள், அதைத் தானே வாங்கிக்கொண்டாள். ஊரில் அந்த நாலு நாளும் அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. அவள் சொன்னதுமில்லை.

இப்போது அம்மாவுக்கு எழுபத்து நான்கு. போன ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. தம்பி பெங்களூரில் இருக்கிறான். மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு, மிக இயல்பாக, அன்பாகவே சொன்னான்: "நீதான் பக்கத்துலயே இருக்கியேக்கா." அவன் கெட்டவன் இல்லை. சிறு வயதிலிருந்து அவன் பார்த்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு சீட்டு இருந்திருக்கிறது. அது இருக்கும் என்று நினைக்கிறான்.

நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், அம்மாவைப் போலவே. பிறகு போனில் சொன்னேன். இரவில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவுக்கான சம்பளம் அவன் பொறுப்பு. மாதத்தில் ஒரு வாரம் அவன் வர வேண்டும். அவன் மனைவியை அனுப்பக் கூடாது, அவனே வர வேண்டும். அந்த ஒரு வாரம் நான் என் அறைக்குள் இருப்பேன், எழுதுவேன், அல்லது ஊரிலேயே இருக்க மாட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்னக்கா, கணக்குப் பாக்கற," என்றான். ஆமாம் என்றேன்.

மூன்று மாதம் சாக்குச் சொன்னான். நான்காவது மாதம் மடிக்கணினியோடு வந்து சேர்ந்தான். நான் ஒரு கருத்தரங்குக்காகப் புதுச்சேரி போய்விட்டேன். முதல் நாள் காலையில் அவனிடமிருந்து போன், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால் என்று. பத்து மணிக்கு இன்னொரு போன், வெந்நீர்ப் பை எங்கே என்று. மதியம் மூன்றாவது போன், ரசப்பொடி எந்த டப்பாவில் என்று. அதற்குப் பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"போனை வை. அவளை எதுக்குக் கூப்பிடற? நான் இங்கதான இருக்கேன், என்னைக் கேளு."